கொட்ட ஒரு இடம்

இல்லை அக்கா, பை மேலே வேண்டாம், மடியிலேயே இருக்கட்டும். கண்டக்டரும் கேட்டார், "பிள்ளைத்தாச்சி எதுக்கு தாயி சொமக்க, மேல போடு" என்று. மேலே போட்டால் உருளும். உருண்டால் உடையும். உடைந்தால் பஸ் முழுக்க நாறும், அப்புறம் எல்லாரும் என்னைத்தான் திரும்பிப் பார்ப்பீங்க. ஜன்னல் சீட்டு எனக்கு வேண்டும். வாந்தி வரும். முதலிலேயே சொல்லிவிட்டேன்.

பையில் என்னவா? பிராந்தி.

முழிக்காதீங்க. கேட்டீங்க, சொன்னேன். எனக்குப் பொய் சொல்ல வராது. பள்ளிக்கூடம் நின்றதே அதனால்தான். பத்தாம் வகுப்பில் கணக்கு சார், "ஏன் ஒண்ணும் எழுதாம இருக்க?" என்று கேட்டார். "நீங்க நடத்துறது எனக்குப் புரியல சார், உங்களுக்குப் புரியுதான்னும் தெரியல" என்றேன். அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தால்தான் உள்ளே வரலாம் என்றார். அம்மாவும் போகவில்லை, நானும் போகவில்லை. அத்தோடு முடிந்தது.

பாட்டில் என்னுடையது இல்லை. நான் விட்டாச்சு. இது ஜெபக்கனியக்காவுடையது. அவளுடையதும் இல்லை, அவள் மாமியாருடையது. கொட்டத்தான் கொண்டு போகிறேன். கலங்கரை விளக்கத்துக்கிட்ட இறங்கினால் ஆள் நடமாட்டமே இருக்காது. நிம்மதியாகக் கொட்டிவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவேன்.

நீங்க பார்க்கிற பார்வையே சரியில்லை. இருங்க, முதலிலிருந்து சொல்கிறேன்.

நான் இறால் உரிக்கிற கம்பெனியில் இருந்தேன். நாள் முழுக்க ஐஸுக்குள் கை. விரல் மரத்துப்போய், நகம் இருக்கிறதா உதிர்ந்துவிட்டதா என்றே தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒருத்தி, பாவம் பார்த்து, சோடாவில் கலந்து ஒரு மடக்குக் கொடுத்தாள். கை சூடேறியது. அப்புறம் கை சூடாக இருந்த நாளிலும் வேண்டியிருந்தது. அவ்வளவுதான் கதை. இதைச் சிலபேர் அழுதுகொண்டு சொல்வார்கள். அழுவதற்கு இதில் என்ன இருக்கிறது?

வயிற்றில் பிள்ளை என்று தெரிந்து ஆஸ்பத்திரிக்குப் போனபோது நர்ஸ் என் வாயை மோந்து பார்த்தாள். திட்டுவாள் என்று நின்றேன். திட்டவில்லை. "ஒரு இடம் சொல்றேன், போறியா?" என்றாள். மாதா கோயில் ஹால். அங்கே புதன்கிழமை தோறும் ஒரு கூட்டம். வயிற்றில் பிள்ளையோடு இருக்கிறவர்கள், கைப்பிள்ளைக்காரிகள். எல்லாருமே என்னை மாதிரிதான். குடித்தவர்கள், மாத்திரைக்குப் பழகினவர்கள், புகையிலையை உதட்டுக்குள் அதக்கினவர்கள். டாக்டர் கிடையாது. ரெஜினா மேடம் என்று ஒருத்தர் வந்து ஓரமாக உட்கார்ந்திருப்பார். மற்றபடி பட்டவள் பட்டவளுக்குச் சொல்ல வேண்டியதுதான்.

நான் போன முதல் நாள் மெர்சி என்று ஒருத்தி, "மசக்கையில ஊர்ல உள்ளவளுக்கெல்லாம் மாங்கா மேல ஆசை. எனக்குக் குவார்ட்டர் மேலல்லா ஆசை!" என்றாள். எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. "எனக்கும் அதே ஆசைதான். இதுல சிரிக்க என்ன இருக்கு?" என்று கேட்டேன். எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அப்போதுதான் மூலையிலிருந்து ஒரு குரல்: "ஏட்டி, நீ இங்க வந்து என் பக்கத்துல உக்காரு."

அதுதான் ஜெபக்கனி. கால் இரண்டும் வீங்கி, செருப்புக்குள் நுழையாமல், அவள் வீட்டுக்காரரின் செருப்பைப் போட்டிருந்தாள். மூன்றாவது பிள்ளை வயிற்றில். முதல் இரண்டும் அதே வீட்டில்தான் இருக்கின்றன, ஆனால் மாமியார் தொட விடவில்லை. "குடிகாரி கையில பிள்ளையைக் குடுக்கமாட்டேன்" என்று, குளிப்பாட்டுவதும் சோறு ஊட்டுவதும் எல்லாம் மாமியார்தான். குடியை விட்டு வருஷக்கணக்கான பிறகும் சாயங்காலமானால் மாமியார் முன்னால் வந்து நிற்பாள். "ஊதுட்டி" என்பாள். ஜெபக்கனி ஊதிக் காட்ட வேண்டும். மோந்து பார்த்துவிட்டுத்தான் சோறு போடுவாள். இந்தப் பிள்ளையையாவது தன் கையில் வைத்து வளர்க்க வேண்டும் என்பதுதான் அவளுக்கு ஒரே எண்ணம். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை வாய் நாறினால் போதும், இதுவும் போய்விடும்.

ரெஜினா மேடம் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். "இசக்கி, ஜெபக்கனிக்கு மாசம் நெருங்குது. அவளைத் தனியா விடாத. நீதான் அவளுக்குக் கூட்டாளி."

எங்கள் கூட்டத்தில் அதுதான் முறை. ஒருத்திக்கு ஒருத்தி கூட்டாளி. தடுமாறுகிறவள் போன் போட வேண்டும், மற்றவள் எந்த வேலை இருந்தாலும் போட்டுவிட்டுப் போக வேண்டும். ஜெபக்கனி எனக்கு எத்தனை போன் போட்டிருப்பாள் என்கிறீங்க? காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று, விளக்கு வைக்கிற நேரத்தில் ஒன்று. "எந்திரிச்சிட்டியா? சாப்டியா? என்னட்டி சத்தம் ஒரு மாதிரி இருக்கு?" நான் அவளுக்கு ஒரு தடவைகூடப் போட்டதில்லை. இதிலேயே தெரியவில்லையா யாருக்குத் தடுமாற்றம் என்று?

அவளைவிடப் பயந்தாங்கொள்ளியை நீங்க பார்த்திருக்க மாட்டீங்க. கூட்டம் முடிந்து என் வீட்டுக்குப் போகிற வழியில் ஒயின்ஷாப் இருக்கிறது. அவள் வீடு அந்தப் பக்கமே இல்லை. ஆனாலும் வீங்கின காலோடு என்கூட வந்து, அந்தக் கடையைத் தாண்டுகிற வரைக்கும் என் கையைப் பிடித்துக்கொண்டு நடப்பாள். "உனக்குப் பயமா இருந்தா உன் வழியில போகவேண்டியதுதான எக்கா, எதுக்கு இந்த வழியா வர?" என்று கேட்டே விட்டேன். "தாண்டிப் பழகணும்லா" என்றாள். அப்புறம் அவள் ஊர் பஸ் ஏற அவ்வளவு தூரம் திரும்பி நடப்பாள். எனக்கு வேலை பாருங்க, அவளுக்குக் கை கொடுப்பது.

சனிக்கிழமை வந்தால் இன்னும் மோசம். கம்பெனியில் சம்பள நாள் அது. பழைய கூட்டாளிகள் எல்லாம், இவர்கள் வேற கூட்டாளிகள் அக்கா, சாயங்காலம் என்னைத் தேடி வருவார்கள். சரியாக அந்த நேரத்துக்கு ஜெபக்கனி போன் போடுவாள். மாவாட்ட வா, கால் குடையுது பிடிச்சுவிட வா, நண்டுக்குழம்பு அதிகமாகிடுச்சு வந்து சாப்பிட்டுட்டுப் போ. ஒரு சனிக்கிழமைகூட அவளுக்குக் குழம்பு அளவாக வந்ததில்லை. இத்தனை வருஷம் சமைக்கிறவளுக்கு அளவு தெரியாதா? கூட்டத்திலும் அவள்தான் முதலில் பேசுவாள். ஹால் சாவிகூட அவளிடம்தான் இருக்கும். நேரத்துக்கு வந்துவிடுவாள் என்பதால் கொடுத்திருப்பார்கள். புதிதாக வருகிறவளுக்கெல்லாம் தண்ணீர் கொடுத்து, அவளே உட்கார்ந்து கதை கேட்பாள். தன்னைப் பார்த்துக்கொள்ளத் தெரியாதவளுக்கு ஊர்க்கதை எதற்கு?

சரி, பிள்ளை பிறந்தது. பெண் குழந்தை. நான் சட்டையும் சோப்பும் வாங்கிக்கொண்டு பார்க்கப் போனேன்.

வாசலிலேயே எனக்கு வாசனை வந்துவிட்டது. அந்த வாசனை எனக்கு ஒரு தெரு தள்ளி வந்தாலும் தெரியும். உள்ளே போனால் ஜெபக்கனி காதில் பஞ்சும் தலையில் துண்டுமாகச் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள். ஒரு கை கட்டில் கம்பியை இறுகப் பிடித்திருக்கிறது. மாமியார் தெரசம்மா கீழே உட்கார்ந்து, பூண்டும் மிளகும் கருப்பட்டியும் இடித்து உருட்டிவைத்து, பக்கத்தில் டம்ளரில் பிராந்தி ஊற்றிக்கொண்டிருக்கிறாள். பிரசவ மருந்தாம்.

"மாமி, தினமும் வாயை மோந்து பாத்தது நீங்கதான? இப்ப நீங்களே ஊத்துதிய?" என்றேன்.

"ஏட்டி, அது குடி. இது மருந்து. பிள்ளை பெத்த உடம்புக்குச் சூடு ஏற வேண்டாமா? உள்ள கிடக்க அழுக்கு இறங்க வேண்டாமா? எங்க தெருவுல எவளுக்கு ஊத்தல, சொல்லு?"

"எந்தக் கடையில வாங்கினிய?"

"அந்த ஒயின்ஷாப்புலதான். மருந்துக்குன்னு சொல்லித்தான் என் மவன் வாங்கிட்டு வந்தான்."

சொல்லிவிட்டு வாங்கினால் மருந்தாம். அவள் கெட்டவள் இல்லை அக்கா, அதுதான் எனக்கு எரிச்சல். கெட்டவளாக இருந்தால் நாலு வார்த்தை கேட்டுவிட்டு வரலாம். அவள் நிஜமாகவே மருமகளுக்கு நல்லது செய்கிறோம் என்று உட்கார்ந்திருக்கிறாள். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக மருமகளுக்கென்று தன் கையால் பக்குவம் பார்த்து ஒன்று செய்திருக்கிறாள். ஜெபக்கனியும் அதனால்தான் வேண்டாம் என்று சொல்லவில்லையோ என்னவோ. சுவரையே பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

"மருந்துன்னா பிள்ளைக்கும் ஊத்த வேண்டியதுதான?" என்று நான் நக்கலாகத்தான் கேட்டேன்.

"நாக்குல ஒரு சொட்டு தடவத்தான் போறேன். சளி கட்டாதுல்லா" என்றாள் தெரசம்மா.

அவ்வளவுதான். சுவரைப் பார்த்துக் கிடந்தவள் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். தையல் போட்ட உடம்பு. வலியில் முகம் கோணிப்போனது. "இசக்கி, அதை எடுத்துட்டுப் போ. அந்தப் பாட்டிலை எடுத்துட்டுப் போய்க் கொட்டு. இந்த வீட்டுல இருக்கக் கூடாது. போ." மாமியாரிடம், "மாமி, நாளைக்கு நான் ஊதும்போது நீங்க என்ன சொல்லுவிய?" என்று மட்டும் கேட்டாள். தெரசம்மா டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே அழ ஆரம்பித்துவிட்டாள். "நீ நாசமாப் போணும்னா நான் செஞ்சேன்? நீ நாசமாப் போணும்னா?" என்று. கதவுக்குப் பின்னால் பெரிய பிள்ளைகள் இரண்டும் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன. ஒரே கூத்து. டம்ளரில் இருந்ததைப் பாட்டிலுக்குள் திருப்பி ஊற்றி, மூடியைத் திருகி, பைக்குள் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

ஏன் அங்கேயே கொட்டவில்லை என்றுதானே கேட்கப் போறீங்க? கொல்லையில் கொட்டினால் வாசனை அவளுக்கு அடிக்காதா? நானே அவளைக் கெடுத்த மாதிரி ஆகாதா? யோசித்துத்தான் செய்தேன்.

கடலில் ஊற்றலாம் என்று போனேன். கரையில் ஆம்பிளைகள் உட்கார்ந்து வலை பின்னிக்கொண்டிருந்தார்கள். கையில் பாட்டிலோடு ஒரு பொம்பளை வந்தால், கொட்டத்தான் வருகிறாள் என்று எவன் நம்புவான்? எங்கள் வீட்டுப் பக்கம் சாக்கடையில் கொட்டினால் அம்மா மோப்பம் பிடித்துவிடுவாள். வேலியோரம் கொட்டினால் கோழி கிடக்கிறது. ஒரு நல்ல காரியம் செய்ய இந்த ஊரில் இடமே இல்லை அக்கா. அதனால் துணியில் சுற்றி அரிசிப் பானைக்குள் வைத்தேன். தினமும் எடுத்துப் பார்ப்பேன். மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டாமா? திறந்து பார்த்தால்தானே இறுக்கம் தெரியும். குறையவே இல்லை. கழுத்து வரைக்கும் இருந்தது, இப்போதும் கழுத்து வரைக்கும்தான் இருக்கிறது. வேறு யாராவது என்றால் குடித்திருப்பார்கள். எனக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

ஜெபக்கனி மறுநாளே கேட்டாள், "கொட்டிட்டியா?" என்று. "ம்" என்றேன். "ம்" என்றால் பொய் இல்லை. அவள் அதைக் கொட்டிவிட்டேன் என்று எடுத்துக்கொண்டால் நான் என்ன செய்ய?

அதோடு விட்டாளா? போன், போன், போன். பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே பேசுகிறாள். "என்னட்டி செய்யுத? சத்தம் ஒரு மாதிரி இருக்கு." பிள்ளை பெற்றவள் தூங்க வேண்டாமா?

இன்றைக்கு ஏன் கிளம்பினேன் என்றால், சும்மாதான். அம்மா கல்யாணத்துக்குப் போயிருக்கிறாள், வீட்டில் யாரும் இல்லை. காலையில் அவன் போன் போட்டான். என் வீட்டுக்காரன். மங்களூர் பக்கம் போட்டில் இருக்கிறான். இனி அங்கேயே இருந்துவிடப் போகிறானாம். வளைகாப்புக்கு வர முடியாதாம், பிரசவத்துக்கும் வர முடியாதாம், பிள்ளை பிறந்தால் சொல்லு என்றான். சரி என்று வைத்துவிட்டேன். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. இன்றைக்குக் கொட்டிவிடலாம் என்று எழுந்தபோதே நினைத்திருந்தேன். போன் வந்த பிறகு கிளம்பினேன், அவ்வளவுதான்.

கேட் போட்டுவிட்டான் பாருங்க. இனி ரயில் வந்து போகிற வரைக்கும் இங்கேயே வேக வேண்டியதுதான். தாகமாக இருந்தால் சொல்லுங்க, பையில் சோடா இருக்கிறது. இல்லை, இது வழியில் வாங்கியது. வெயில் நேரமில்லையா, கடற்கரையில் கடை எதுவும் இருக்காது என்றுதான்.

இருங்க. போன். வேறு யார், அவள்தான். எடுக்காவிட்டால் விட மாட்டாள்.

ஹலோ... ம்... பஸ்ஸுல... சாப்ட்டேன்... சாப்ட்டேன்னு சொல்லுதேன்லா எக்கா... அவன் பேசினான்... வரமாட்டானாம்... அதெல்லாம் ஒண்ணுமில்ல... கலங்கரை விளக்கத்துக்கு... சும்மா, காத்து வாங்க... ஆமா, உங்க ஊரைத் தாண்டித்தான் போகுது... கேட்டுல நிக்கு... எந்தப் பாட்டில்?

மடியில.

பார்த்தீங்களா, வைத்துவிட்டாள். அவளுக்காக இத்தனை நாள் அதைப் பத்திரமாக வைத்திருந்து, கொட்டுவதற்கும் நானே வயிற்றைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி வந்திருக்கிறேன். நல்லா இருட்டி என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன? மனுஷருக்கு நன்றி கிடையாது.

நான் அழவில்லை. ஜன்னல் காற்று.

பஸ் நிற்கும்போது காற்று ஏது என்கிறீங்களா? நீங்க ரொம்பப் பேசுறீங்க அக்கா. ரயில் வருகிறது, பேசாமல் வேடிக்கை பாருங்க.

ஆச்சு, தூக்கிவிட்டான். இனி அவள் ஊர் நிறுத்தம், அதற்கப்புறம் உப்பளம், அப்புறம் நான் இறங்க வேண்டியதுதான். நீங்களும் அங்கேயா இறங்குறீங்க? இல்லையா? நல்லது. துணைக்கெல்லாம் வர வேண்டாம். எனக்குத் தனியாகக் கொட்டினால்தான் சரியாக வரும்.

டிரைவர் ஏன் இப்படி ஹாரன் அடிக்கிறார்? நடு ரோட்டில் யாரோ நிற்கிறார்களா? எங்கே, தலையை எடுங்க, பார்ப்போம்.

ஐயையோ. ஜெபக்கனி.

பாருங்க அக்கா, நீங்களே பாருங்க அந்த அநியாயத்தை! காதில் பஞ்சு, தலையில் துண்டு, கையில் பிள்ளை, செருப்புகூட இல்லை. பச்சை உடம்பு! வாசல்படி தாண்டக் கூடாதவள் ரோட்டை மறித்துக்கொண்டு நிற்கிறாள். பின்னால் ஓடி வருகிறது யார், தெரசம்மாவா? கையில் குடையோடு ஓடி வருகிறாள் கெழவி. ஒரு வீட்டில் ஒருத்திக்காவது அறிவு இருக்க வேண்டாமா? இந்த வெயிலில் அந்தப் பிள்ளையை யாராவது வெளியே எடுப்பார்களா? நான் சொன்னேன் அல்லவா, அவளைத் தனியாக விட முடியாது என்று? மேடம் அப்போதே சொன்னார், தனியாக விடாதே என்று. ஒரு நாள், ஒரே ஒரு நாள் நான் என் வேலையைப் பார்க்கக் கிளம்பினேன், பாருங்க எங்கே வந்து நிற்கிறாள் என்று.

கண்டக்டர், ஆள் இறங்கணும்! ஆமா, விளக்குக்குத்தான் டிக்கெட் எடுத்தேன், இப்ப இங்கயே இறங்கணும். நீங்க பாக்கல? கண்ணு இல்லையா? அவ விழுந்துருவா! அக்கா, கொஞ்சம் காலை ஒடுக்குங்க. இந்தாங்க, இதைப் பிடிங்க.

எக்கா! உனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு? யாரு உன்னை வெளிய விட்டது? என்னைக் கட்டிப் பிடிக்காத, முதல்ல பிள்ளையைக் குடு. குடு இங்க. தலையைத் தாங்கிக் குடு. ம், வா தங்கம், வா. உங்க அம்மைக்கு அறிவே கிடையாது.

என்ன அக்கா, ஜன்னல் வழியா எதை நீட்டுறீங்க? பையா? அது எனக்கு எதுக்கு? நீங்களே எங்கயாவது கொட்டிடுங்க. என் ரெண்டு கையிலயும் பிள்ளை இருக்கு, பாத்தா தெரியலையா?